பச்சை மேசையில் மூன்றுக்குப் பூஜ்யம்

நான் சொல்லப்போவதில் எண்பத்தாறாவது நிமிடத்தை மட்டும் முழுதாக நம்பிவிட வேண்டாம். மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலை எங்கள் அணிக்குத் துணி துவைக்கும் வெத்தூரியா சட்டைகளை எந்த வரிசையில் கொடியில் போட்டிருந்தாள், எதிரணியான சரத்தாவின் பேருந்து எங்கே நின்றது, முதல் கோலை எங்கள் கோல்கீப்பர் எந்தக் கையால் தட்டப் பார்த்துத் தவறவிட்டான், எல்லாம். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் நான் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாக இருக்கிறது. எடுத்து எடுத்துப் பார்த்ததாலேயே தேய்ந்துபோயிருக்கலாம்.

அப்போது நான் பிரெடீட்சா மினேருல் என்ற கால்பந்து அணியின் பிரதிநிதி. மூன்றாம் பிரிவில் ஆடும் ஒவ்வொரு அணிக்கும் அப்படி ஒருவர் உண்டு. ஆட்டத்துக்கு முன் பெயர்ப்பட்டியல் எழுத வேண்டும், ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகளை நடுவரிடம் காட்ட வேண்டும், ஆள் மாற்றும்போது சீட்டு எழுதிக் கொடுத்து எண் பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், முடிந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சியாளர் கத்துவார், பையன்கள் ஓடுவார்கள், பிரதிநிதி எழுதுவார்.

எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தை மூடும்வரை நான் அங்கே விளக்கு அறையில் இருந்தேன். இறங்குகிறவனிடம் எண் வில்லையை வாங்கிக்கொண்டு விளக்கைக் கொடுப்பது, ஏறி வந்ததும் விளக்கை வாங்கிக்கொண்டு வில்லையைத் திருப்பிக் கொடுப்பது. கொக்கியில் ஒரு வில்லை மிச்சமிருந்தால் ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடம் அந்த வேலை. அதனால் எண்கள் எனக்கு மறப்பதில்லை. அணியின் இருபத்து மூன்று பேருடைய பிறந்த தேதியும் எனக்கு மனப்பாடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் பிரிவில் ஒரு விதி இருந்தது. களத்தில் எந்த நேரமும் பத்தொன்பது வயதைத் தாண்டாத இரண்டு பேர் இருந்தாக வேண்டும். அவர்களில் ஒருவன் அடிபட்டு வெளியேறினால் அதே வயதுக்காரன் ஒருவனைத்தான் இறக்க வேண்டும். அப்படி ஆள் இல்லையென்றால் பத்துப் பேரோடு ஆட வேண்டும். இதில் தவறினால், களத்தில் என்ன நடந்திருந்தாலும் சரி, தலைநகரில் ஓர் அறையில் பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி நாலு பேர் கூடி மூன்றுக்குப் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். அதைப் பச்சை மேசையில் தோற்பது என்று சொல்வோம்.

பெரிய நகரத்து அணிகளுக்கு இளம் ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். எங்களுக்குக் குளிர்காலத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஏப்ரல் பிறந்ததும் ஜெர்மனிக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போகும் பேருந்து வந்து நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள். மே மாதம் ஒருவன் இத்தாலியில் இருக்கும் அம்மாவிடம் போனான். ஜூன் மாதம் மிச்சமிருந்தது கோல்கீப்பர் ரெலுவும், இடது ஓரத்தில் ஓடும் ஃப்ளாவியுவும்தான். கவ்ரிலா, எங்கள் பயிற்சியாளர், தினமும் காலையில் அவர்கள் இருவரும் ஊரில் இருக்கிறார்களா என்று போன் போட்டுப் பார்ப்பார்.

கடைசி ஆட்டம் சரத்தாவுடன், எங்கள் மைதானத்தில், சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. சமன் செய்தால் போதும், மூன்றாம் பிரிவில் நீடிப்போம். தோற்றால் மாவட்டப் பிரிவு. மாவட்டப் பிரிவுக்கு இறங்கிய அணி திரும்பி ஏற வேண்டுமானால் மாவட்டத்தில் முதலாவதாக வர வேண்டும். பிறகு பக்கத்து மாவட்டத்து முதல் அணியோடு இரண்டு ஆட்டம் ஆடி ஜெயிக்க வேண்டும். நாங்கள் ஒருமுறை அப்படி ஏறி வந்திருக்கிறோம். ஏழு வருடம் ஆனது. இந்த முறை அதுவும் இல்லை. மேயர் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்: மூன்றாம் பிரிவில் இருந்தால் நகராட்சி அணியை வைத்துக்கொள்ளும், கூடவே சிறுவர் குழு ஒன்றும் தொடங்கும். இறங்கினால் அணியே கிடையாது, மைதானத்தைப் பூட்டிவிடுவோம்.

அந்தச் சிறுவர் குழுவுக்குப் பயிற்சியாளர் வேலை யோஷ்காவுக்கு என்று பேச்சு.

யோஷ்கா பார்தோஷுக்கு முப்பத்தெட்டு வயது. பின்வரிசையில் ஆடுகிறவன். பத்தொன்பது பருவம் எங்கள் சட்டையை மட்டுமே போட்டவன். அணி இரண்டாம் பிரிவில் இருந்தபோது வந்து சேர்ந்தான். மூன்றாம் பிரிவுக்கு விழுந்தபோது இருந்தான். மாவட்டப் பிரிவில், மாடு மேயும் மைதானங்களில் ஆடியபோதும் இருந்தான். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அந்த வருடம் மொத்தம் நாலு ஆட்டம்தான். அவனுடைய அப்பா சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். நுரையீரல் கல்லாகிப்போய் நாலாவது மாடியில் படுத்திருந்தார். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் யோஷ்கா அவரை முதுகில் சுமந்து இறக்கி, மூலைக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு சமையலறை நாற்காலியில் உட்கார வைப்பான். அவன் மனைவி விட்டுப் போன பிறகு வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்.

அவனுக்கு இன்னொரு வழியும் இருந்தது. ஜெர்மனியில் ஒரு மாட்டு இறைச்சிக்கூடம். நல்ல இடம், முறையான காகிதங்கள், தங்க அறை, அப்பாவுக்கும் சேர்த்து மருத்துவச் செலவு. அவனுடைய பழைய தோழன் ஒருவன் அங்கே மேற்பார்வையாளன். ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தான். திங்கட்கிழமை காலை வேன் கிளம்பும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவையும் கூட்டிப்போகலாம் என்று தோழன் சொல்லியிருந்தான். யோஷ்காவுக்கு மனசில்லை. பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டு இங்கேயே இருந்துவிடத்தான் ஆசை. எல்லாம் சனிக்கிழமை கையில் என்றான்.

புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் அவன் என் அறைக்கு வந்தான். அறை என்றால் துணி துவைக்கும் இடத்தில் ஒரு மேசை. வெத்தூரியா இயந்திரத்தில் காலுறைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றான், "சனிக்கிழமை கடைசியா ஒரு அஞ்சு நிமிஷம் புல்லுல நின்னுட்டு வரணும். அப்பா பாக்கணும். அவ்வளவுதான் கேக்கிறேன்."

"கவ்ரிலாகிட்ட கேளேன்."

"கேட்டா திட்டிட்டு இறக்குவாரு. நீங்க ஞாபகப்படுத்தினா திட்டாம இறக்குவாரு."

வெத்தூரியா திரும்பாமலே சொன்னாள்: "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சட்டையை நான் துவைக்கணுமா? வேர்க்காம ஆடிட்டு வா. மடிச்சு வச்சிடறேன்."

"உனக்காக ஓடவே மாட்டேன் அக்கா. நின்ன இடத்துல நிப்பேன்."

"பத்து வருஷமா அதைத்தானே செய்யறே."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். விடைபெறும் ஆட்டக்காரனைக் கடைசி நிமிடங்களில் இறக்குவது எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் வழக்கம். அணித்தலைவன் தன் கைப்பட்டையைக் கழற்றி அவன் கையில் கட்டுவான். எதிரணிக்காரர்களும் கைதட்டுவார்கள். நடுவர்கூட ஆட்டத்தை ஒரு நிமிடம் தாமதமாகத்தான் மறுபடி தொடங்குவார். அதை மறுத்தால் அந்த ஊரில் அப்புறம் யாரும் பயிற்சியாளர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நான் கவ்ரிலாவிடம் சொன்னேன். அவர் சரி என்றார்.

சனிக்கிழமை மூவாயிரம் பேர் வந்தார்கள். அந்த வருடம் வழக்கமாக நூற்றைம்பது பேர் வருவார்கள். படிகள் முழுக்கச் சூரியகாந்தி விதைத் தோல். வாசலில் கரியில் இறைச்சி சுடும் புகை. கால்பந்துச் சங்கம் அனுப்பிய கண்காணிப்பாளர், மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த மெலிந்த மனிதர், கோட் போட்டுக்கொண்டு நடு வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னிடம் பட்டியலை வாங்கிப் பார்த்தார். இளம் ஆட்டக்காரர்கள் இரண்டே பேரா என்றார். ஆமாம் என்றேன். கவனமாக இருங்கள் என்றார். இது எனக்கு நினைவிருக்கிறது. இது நினைவில்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் சரத்தா கோல் போட்டது. ரெலு இடது கையை நீட்டினான். விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. பிறகு ஒரு மணி நேரம் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பந்து எங்கள் கால்களில் நிற்கவே மாட்டேன் என்றது. கூட்டம் முதலில் சரத்தாவைத் திட்டியது, பிறகு நடுவரை, பிறகு எங்களை. என் பின்னால் ஒரு கிழவர் பெயர் சொல்லி ஒவ்வொருவரையாகத் திட்டிக்கொண்டே வந்து, பதினொன்றும் முடிந்ததும் மறுபடி கோல்கீப்பரிலிருந்து தொடங்கினார்.

எழுபத்தொன்றாவது நிமிடத்தில் ஃப்ளாவியு இடது ஓரத்திலிருந்து உள்ளே வந்து தாழ்வாக அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. மூவாயிரம் பேர் எழுந்தார்கள். மூலையில் யோஷ்காவின் அப்பா, பெரிய பார்தோஷ், மட்டும் எழ முடியாமல் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்திலிருந்து நாங்கள் எல்லாரும் கடிகாரத்தைத்தான் பார்த்தோம்.

எண்பத்து நாலாவது நிமிடத்தில் ஃப்ளாவியு கால் மடங்கி விழுந்தான். எங்கள் ஆளே தெரியாமல் மிதித்தது. கணுக்கால் கண் முன்னால் வீங்கியது. தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் கிடத்தினார்கள். அவன் அழவில்லை. ஜெயிச்சுட்டோமா என்று கேட்டான். இன்னும் இல்லை, பேசாமப் படு என்றேன்.

இனி வருவதுதான் எனக்குச் சரியாகத் தெரியாதது.

ஒரு நினைவில், கவ்ரிலா பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார். பெஞ்சில் ஐந்து பேர். இளையவனுக்கு இருபத்து மூன்று. யோஷ்கா ஏற்கெனவே மேல்சட்டையைக் கழற்றிவிட்டான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டது. கவ்ரிலா என்னைப் பார்த்து, "ஃப்ளாவியு வெளிய, யோஷ்கா உள்ள. எழுதுய்யா," என்கிறார். நான் எழுதுகிறேன். என் மனதில் எதுவும் இல்லை. மூலையில் பெரிய பார்தோஷும் அவர் நாற்காலியும்தான்.

இன்னொரு நினைவில், அவர் எழுதுய்யா என்றதும் நான் பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ரெலு ஒன்று, ஃப்ளாவியு இரண்டு. ஃப்ளாவியு வந்துவிட்டால் ஒன்று. வாயைத் திறக்கிறேன். யோஷ்கா என் தோளில் கை வைத்து, "நன்றி அண்ணே," என்கிறான். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இரண்டில் எது நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. சீட்டு என் கையெழுத்தில் இருக்கிறது. எழுத்து நடுங்கவில்லை. எண்பத்தாறு என்று நிமிடத்தையும் தெளிவாக எழுதியிருக்கிறேன். பலகையை நான்தான் தூக்கினேன். வெளியே வரும் ஃப்ளாவியுவுக்குச் சிவப்பில் பதினேழு, உள்ளே போகும் யோஷ்காவுக்குப் பச்சையில் நாலு.

அணித்தலைவன் ஓடி வந்து பட்டையைக் கட்டினான். சரத்தா பையன்கள் கைதட்டினார்கள். யோஷ்கா குனிந்து புல்லைத் தொட்டு நெற்றியில் சிலுவை இட்டுக்கொண்டான். மீதி நேரமும் கூடுதலாகக் கொடுத்த மூன்று நிமிடமும் அவன் சொன்னபடியே நின்ற இடத்தில் நின்றான். ஒரே ஒரு பந்து அவனிடம் வந்தது. தலையால் தட்டி வெளியே அனுப்பினான். நடுவர் ஊதினார்.

அன்று மத்தியானம் நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்தார்கள். கவ்ரிலா கண்காணிப்பாளருக்குக்கூட ஒரு கிளாஸ் பிளம் சாராயம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. அறிக்கை எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அட்டைகளைப் பெட்டியில் திருப்பி அடுக்கினேன். விளக்கு அறைப் பழக்கம். கடைசியில் யார் யார் களத்தில் இருந்தார்கள் என்று பதினொரு அட்டைகளையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் எடுத்து அடுக்குவேன். வைத்தேன். பிறந்த வருடங்களைப் படித்துக்கொண்டே வந்தேன். ரெலுவுக்கு அப்புறம் பத்து அட்டைகள், அவற்றில் பத்தொன்பதைத் தாண்டாதவன் ஒருவனும் இல்லை. மறுபடி முதலிலிருந்து படித்தேன். என் மனைவி சூப் ஆறுகிறது என்றாள். அட்டைகளை வாரிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். சூப்பைக் குடித்தேன். ஏன் ஒன்றும் பேசவில்லை என்று அவள் கேட்கவில்லை. நான் பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதில்லை.

மறுநாள் மேயர் மைதானத்திலேயே விருந்து வைத்தார். நீளமான மேசைகள், சுட்ட இறைச்சி, கடுகுச் சாந்து, பீப்பாயில் பீர். நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். யாராவது கண்டுபிடித்திருக்கிறார்களா என்று முகங்களைப் பார்க்கப் போனேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சரத்தாக்காரர்கள் புகார் கொடுக்கவில்லை; அவர்களுக்கு ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, பேருந்தில் பாடிக்கொண்டே போய்விட்டார்கள். கண்காணிப்பாளரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ பேர் எதையெதையோ விட்டுவிடுகிறார்கள்.

மேயர் பேசினார். சிறுவர் குழு செப்டம்பரில் தொடங்கும், பயிற்சியாளர் இதோ என்று யோஷ்காவைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். யோஷ்கா மேசைக்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். போனை எடுத்தான்.

"ஜெர்மனிக்குச் சொல்லிடறேன் அண்ணே. அவன் காத்திட்டிருப்பான்."

நான் தட்டைப் பார்த்தேன்.

"நாளைக்குச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"வேன் நாளைக்குக் காலையில கிளம்புது. இன்னைக்குச் சொன்னாத்தான் அவன் வேற ஆளப் பிடிக்க முடியும். பாவம், எனக்காக எத்தனை பேர்கிட்ட பேசினான்."

"அப்பா என்ன சொல்றாரு?"

"அப்பாவா? நேத்துலேருந்து அந்த ஒரு ஹெட்டரைப் பத்தியே பேசறாரு. நான் கோல் போட்டேன்னு நினைச்சுட்டாரோ என்னவோ."

அவன் எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். மணி அடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. மூன்று முறை அடித்தது, நாலு முறை. அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொறு என்று சொல்லியிருந்தால் அவன் பொறுத்திருப்பான். என்னிடம் காரணம் கேட்டிருக்க மாட்டான். அப்படிப்பட்டவன். இந்த நிமிடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எண்பத்தாறாவது நிமிடத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், இங்கே எனக்கு எல்லாம் தெரியும். தோழன் எடுத்தான். யோஷ்கா நன்றி சொன்னான், மன்னிச்சுக்கோ என்றான், ஊர்லயே வேலை கிடைச்சிடுச்சு என்றான். நான் இறைச்சியைக் கடுகில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன் என்பது ஒரு காரணம். அவ்வளவு சந்தோஷமான முகத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் என்னை நானே நல்லவனாக்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்டவை. உள்ளபடி சொன்னால், ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும் என்றால் சனிக்கிழமையும் தெரிந்திருக்கும் என்று ஊர் சொல்லும். அதற்குத்தான் பயந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கவ்ரிலாவின் போன். வா என்று மட்டும் சொன்னார். அணி அலுவலகத்தில் கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். கண்காணிப்பாளரின் அறிக்கையின்படி, எண்பத்தாறாவது நிமிடத்திலிருந்து ஆட்டம் முடியும்வரை களத்தில் ஒரே ஒரு இளம் ஆட்டக்காரர், விதிமீறல், மூன்றுக்குப் பூஜ்யம், சரத்தாவுக்கு வெற்றி. மேல்முறையீட்டுக்கு இரண்டு நாள். முறையிடுவதற்கு ஒன்றும் இல்லை.

கவ்ரிலாவுக்கு அறுபது வயது இருக்கும். அவர் கத்தாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

"நான் கூட்டத்தைப் பாத்துட்டு நின்னேன். அது என் தப்பு. ஆனா நீ எழுதறவன்யா. எழுதறப்ப உனக்குத் தோணலையா?"

"தோணலை," என்றேன்.

"எல்லாருடைய பிறந்த நாளும் சொல்வியே. என் பேத்தி பிறந்த நாளை நீதானே எனக்கு ஞாபகப்படுத்தினே."

நான் கடிதத்தில் இருந்த தேதியை மறுபடி படித்தேன். வெளியே வெத்தூரியா துணி இயந்திரத்தைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது. அடுத்த பருவத்துக்குச் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்துப் பேரோட ஏழு நிமிஷம் தாங்கியிருப்போம்," என்றார் கவ்ரிலா. "தாங்கியிருக்க மாட்டோமா?"

"தாங்கியிருப்போம்."

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மேயர் அலுவலகத்தில் இல்லை என்றார்கள். மதுக்கடையில் ஒருவன் கவ்ரிலாவின் மேல் பீரை ஊற்றினான். என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. பிரதிநிதி என்று ஒருவன் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: யோஷ்கா உள்ளே வந்தான், அதனால் அணி போனது. ஐந்து நிமிடம் நிற்க ஆசைப்பட்டு ஊரையே மூழ்கடித்துவிட்டான் என்றார்கள். சனிக்கிழமை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அதே வாய்கள். அவன் வீட்டுக் கதவில் யாரோ எண் நாலைச் சுண்ணாம்பால் எழுதி அதன் மேல் சிலுவை போட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. மாடிப்படியில் இரண்டு படி கீழே நின்றான். ஜெர்மனிக்குப் போன் போட்டிருக்கிறான். அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிப் போயாகிவிட்டது. அதை ஏதோ கடை பூட்டியிருந்தது என்பதுபோலச் சொன்னான். பிறகு கேட்டான்:

"அண்ணே, நான் கேட்டிருக்கக் கூடாது, இல்லையா?"

"நீ என்ன செய்வே. வழக்கம்தானே."

"விதி எனக்கும் தெரியும். இத்தனை வருஷம் ஆடியிருக்கேன். ஆனா அந்த நேரத்துல எனக்கு ஒண்ணுமே தோணலை அண்ணே. பச்சைப் புல்லுதான் தெரிஞ்சுது." அவன் தன் கைகளைப் பார்த்தான். "உங்களுக்கும் தோணலைன்னு கவ்ரிலா சொன்னாரு. அது எனக்கு ஒரு ஆறுதல். உங்களுக்கே தோணலைன்னா யாருக்குத் தோணும்."

படிக்கட்டு விளக்கு தானாக அணைந்துவிடும் வகை. அணைந்தது. அவன் சுவரைத் தடவி மறுபடி போட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதற்கு எனக்குக் கிடைத்த கடைசி இடம் அதுதான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆமாம், எனக்குத் தோணலை என்றேன். அவன் தலையாட்டினான். நன்றி அண்ணே என்று சொல்லிவிட்டு, வலிக்கும் முழங்காலைப் பார்த்துப் பார்த்து மடக்கி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான்.

மினேருல் அணி ஜூலையில் கலைக்கப்பட்டது. மாவட்டப் பிரிவுக்குப் பெயர் கொடுக்கவே இல்லை. மைதானத்தின் வாயிலுக்கு மேயர் சங்கிலி போட்டார். அடுத்த தேர்தலில் அவரே மறுபடி ஜெயித்தார்.

கவ்ரிலா இரண்டு வருடம் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கிராம அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அதுவும் இறங்கிய பிறகு விட்டுவிட்டார். ஃப்ளாவியுவின் கணுக்கால் சரியாகக் கூடவில்லை. இப்போது இத்தாலியில் தூரின் நகரத்தில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறான். ரெலு தெற்கே ஓர் அணியில் மாற்றுக் கோல்கீப்பராக இருக்கிறான். வெத்தூரியா பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிறாள். வழியில் பார்த்தால் பேசுவாள். அணியைப் பற்றிப் பேச மாட்டாள்.

யோஷ்கா அக்டோபரில் ஜெர்மனிக்குப் போனான். வேறு இறைச்சிக்கூடம், வேறு தரகர், ஓர் அறையில் எட்டுப் பேர். அப்பாவைக் கூட்டிப்போக முடியவில்லை. பெரிய பார்தோஷை மாவட்டத் தலைநகரில் முதியோர் விடுதியில் சேர்த்தார்கள். பிப்ரவரியில் இறந்தார். அடக்கத்துக்கு யோஷ்கா ஒருநாள் தாமதமாக வந்து சேர்ந்தான், அதற்குள் புதைத்துவிட்டார்கள். அதன் பிறகு ஊருக்கு வரவில்லை. அங்கே ஒரு கத்தி நழுவி இடது கையில் இரண்டு விரல் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். புத்தாண்டுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறான்.

நான் இங்கேயே இருக்கிறேன். ஓய்வூதியம் வருகிறது. அவன் வாழ்த்துக்கு நான் ஒவ்வொரு வருடமும் பதில் எழுதுகிறேன். உடம்பு நலமா, இங்கே பனி என்று எழுதுகிறேன். வேறு எதுவும் இதுவரை எழுதவில்லை.